கேட்டுச் சாப்பிடுவதா, கேளாமல் சாப்பிடுவதா?



புதுச்சேரி நகரின் வடக்கே, குருசுக்குப்பத்தை அடுத்துக் கடலோரமாக இருக்கிறது வைத்திக்குப்பம். மீனவர் வாழும் ஊர். மாசி மகத்தன்று சுற்று வட்டாரத்துக் கோயில்களிலிருந்து உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு இந்தக் கரைக்குத்தான் வரும். மற்ற நாட்களில் படகும் வலையும் காய்கின்ற கருவாடும்தான் அங்கே காட்சி.

அந்தக் குப்பத்தில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. முப்பது ஆண்டுகளாக நம் வீட்டுக்கு மீன் தருபவர். பெருநாளன்று நம் வீட்டுப் பிரியாணி அவர் வீட்டுக்குப் போகும். பொங்கலன்று அவர் வீட்டுக் கரும்பு நம் வீட்டுக்கு வரும். இந்தப் போக்குவரத்து ஓர் ஆண்டும் நின்றதில்லை.

நண்பரின் மகன் சமையற்கலை படித்தவன். சில ஆண்டுகள் தாய்லாந்தில் ஓர் ஓட்டலில் அடுப்படி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினான். தான் அங்கே கற்ற சாப்பாட்டைத் தன் தகப்பனாருக்கும், தகப்பனாரின் சிநேகிதரான நமக்கும் நல்ல இடத்தில் வாங்கித் தரவேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. புதுவையிலும் சென்னையிலும் தாய்லாந்துச் சாப்பாடு கிடைக்கும் இடங்களை ஒரு நோட்டில் எழுதினான். ஒவ்வொன்றாக ஏறி இறங்கிச் சாப்பிட்டுப் பார்த்தான். ருசி போதாது என்று சிலவற்றை அடித்தான். விலை தாங்காது என்று சிலவற்றை அடித்தான். கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது.

"மாமா, நீங்க கட்டாயம் வரணும். அங்கே நான் சாப்பிட்ட ருசி இந்த ஒரு கடையிலதான் இருக்கு" என்று வந்து அழைத்தான். சென்றோம்.

அங்கே நாம் நடந்துகொண்ட விதத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பரிமாற வந்த பையனை நிறுத்தி, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் குரலில் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினோம். பன்றி சமைக்கிறீர்களா? பன்றிக் கொழுப்பு ஊற்றுகிறீர்களா? மது சேர்க்கிறீர்களா? கோழியை அறுத்தவர் யார்? எல்லாவற்றுக்கும் ஒரே வாணலியா? அந்தப் பையனுக்குப் பதில் தெரியவில்லை. மேலாளர் வந்தார். அவருக்கும் பாதிதான் தெரிந்திருந்தது. முடிவில் வெறும் சோற்றையும் பழத்தையும் தின்றுவிட்டு எழுந்தோம். மற்றத் தட்டுகள் தொடாமலே திரும்பிப் போயின. நண்பரின் மகன் தலை நிமிரவில்லை.

வழியில் நண்பர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பாய், பையன் ரெண்டு நாளாத் தூங்கலை."

நாம் கேட்டது தவறா? கேளாமல் சாப்பிட்டிருந்தால் அது சரியா? அன்று இரவு நமக்கும் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே வாசகர்கள் முன் வைக்கிறோம். இது ஒரு தட்டுச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி அல்ல. பேணுதல் என்பது என்ன, அது எங்கிருந்து பிறக்கவேண்டும் என்பது பற்றிய கேள்வி.

பிற நாட்டு உணவு

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். நம்மில் பலர், பழக்கமில்லாத உணவு என்றாலே அதைச் சந்தேகத்துக்குரிய உணவு என்று முடிவு கட்டிவிடுகிறோம். 'நம்ம சாப்பாடு இல்லை' என்பதையும் 'மார்க்கத்தில் கூடாது' என்பதையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறோம்.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டது. அது இன்னதென்று தெரிந்ததும் பெருமானார் கையை எடுத்துக் கொண்டார்கள். "இது ஹராமா?" என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஹராம் அல்ல, தம் சமூகத்தாரின் பூமியில் அது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் வந்தது. காலித் (ரலி) அவர்கள் அந்தச் சபையிலேயே, பெருமானார் பார்த்திருக்க அதை உண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம் பெற்ற செய்தி இது. மனம் ஒப்பாதது வேறு, மார்க்கம் தடுத்தது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

தபூக்கில் பெருமானாரிடம் பாலாடைக் கட்டி கொண்டுவரப்பட்டது. கத்தியைக் கேட்டு வாங்கி, அல்லாஹ்வின் பெயர் கூறி அதை வெட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் உள்ளது. அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அன்று அந்தக் கடையில் நாம் செய்தது என்ன? பிடிக்காமல் விட்டதோடு நில்லாமல், ஊரறியக் குறையும் கூறினோம்.

தாய்லாந்து அடுப்படியில் இருப்பது என்ன?

இனி விஷயத்துக்கு வருவோம். தாய்லாந்துச் சமையல் நமக்கு அவ்வளவு அந்நியமானதா? தேங்காய்ப்பால், புளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, நிலக்கடலை, பனைவெல்லம், அரிசிச் சோறு. இவை நம் வீட்டுச் சாமான்கள். எலுமிச்சைப்புல்லும், நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் பேரரத்தையும் அவர்களுக்குக் கறிமசாலை. இறாலும் எலுமிச்சைப்புல்லும் சேர்த்து வைக்கும் 'தொம் யாம் குங்' என்ற புளிப்பும் காரமுமான சூப்பை 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக் கொண்டது.

அவர்கள் உப்புக்குப் பதில் ஊற்றும் 'நாம் ப்ளா' என்ற மீன் சாறுதான் நம்மவர்களை முதலில் மிரட்டுவது. அது வேறொன்றுமில்லை. நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்போடு கலந்து தொட்டிகளில் ஓராண்டுக்கும் மேலாக ஊறவைத்து, வடிகின்ற நீரை எடுக்கிறார்கள். வைத்திக்குப்பத்து மணலில் காயும் கருவாடும் உப்பும் மீனும்தான். இதுவும் உப்பும் மீனும்தான். அங்கே நீரை வெயில் குடித்துவிடுகிறது. இங்கே நீரைப் பிடித்து வைத்துக் கொள்கிறார்கள். 'கப்பி' என்பது பொடி இறாலை உப்பிட்டு அரைத்த விழுது. கடல் உணவு ஆகுமானது என்பதற்குத் திருமறையின் ஐந்தாவது அத்தியாயத்திலேயே அனுமதி உண்டு.

இங்கே மத்ஹபு வேறுபாட்டை நினைவில் கொள்ளவேண்டும். நம் கடற்கரையூர்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர். அவர்களுக்குச் சிப்பியும் நண்டும் கணவாயும் ஆகும். உள்நாட்டில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். அவர்களுக்குக் கடலில் மீன் மட்டுமே ஆகும். இறால் மீனா அல்லவா என்பதில் ஹனஃபி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, சிப்பி ஆகாது. எனவே சிப்பிச் சாறு ஊற்றிக் கிளறிய கீரையை, ஒரே மேசையில் அமர்ந்து ஷாஃபி சகோதரர் உண்பார். ஹனஃபி சகோதரர் தவிர்ப்பார். இருவருமே தத்தம் இமாமைப் பின்பற்றியவர்கள்தாம். ஒருவரை ஒருவர் ஏளனமாகப் பார்க்க அதில் எதுவுமில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, பன்றி. தாய்லாந்து மக்களில் மிகப் பெரும்பாலோர் பௌத்தர்கள். சீனச் சமையலின் செல்வாக்கும் அங்கே அதிகம். துளசி இலை போட்டு வதக்கும் கறி, வாணலியில் ஊற்றும் கொழுப்பு, சூப்பின் அடிச்சாறு ஆகியவற்றில் பன்றி புழங்குவது அங்கே சாதாரணம். இரண்டு, இறைச்சியை ஊறவைக்கச் சில சமையற்காரர்கள் சேர்க்கும் அரிசி மது. மூன்று, ஆடு, மாடு, கோழி எவ்வாறு அறுக்கப்பட்டன என்பது. பயப்பட வேண்டியவை இவை மூன்றுதான். மீன் சாற்றைக் கண்டு மிரண்டவர், அரிசி மதுவைப் பற்றிக் கேட்கவே தெரியாமல் உண்டுவிட்டு வருவார். அறியாமை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. கேட்க வேண்டாததைக் கேட்க வைக்கிறது. கேட்க வேண்டியதைக் கேளாமல் விடுகிறது.

நமக்கு முன் சென்றவர்கள்

தாய்லாந்து உணவில் நம் சமுதாயத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஏலம், பட்டை, கிராம்பு, சீரகம் எல்லாம் போட்டு, உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் சேர்த்து வைக்கும் 'மஸ்ஸமன்' என்றொரு குழம்பு அங்கே புகழ் பெற்றது. 'முஸல்மான்' என்ற சொல்லின் திரிபே அந்தப் பெயர் என்பர். பாரசீகத்தின் கும் நகரிலிருந்து பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயூத்தியா நாட்டுக்கு வந்த ஷைகு அஹ்மத், அரசவையில் உயர் பதவி பெற்று, முஸ்லிம்களின் தலைவருக்குரிய 'சூலராஜமொந்த்ரி' என்ற பட்டத்தையும் பெற்றார். அந்தப் பதவி இன்றளவும் அந்நாட்டில் இருந்து வருகிறது. தெற்கே பட்டாணி, யாலா, நராத்திவாட் மாநிலங்களில் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். அவர்களுடைய 'காவ் மோக்' என்ற மஞ்சள் சோறு நம் பிரியாணிக்குத் தம்பி. 'மதாபா' நம் முர்தபாவேதான். இரத்தின வணிகத்துக்காக பாங்காக் சென்று தங்கிய காயல்பட்டினத்தாரையும் கீழக்கரையாரையும் நாம் அறிவோம்.

புதுவை, காரைக்கால் முஸ்லிம்களுக்கும் இந்தப் பிரச்சினை புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நம் முன்னோர் பலர் கப்பலேறிச் சாய்கோனுக்குச் சென்றார்கள். அந்த நாட்டிலும் வீட்டுக்கு வீடு மீன் சாறுதான். அங்கும் பன்றி எங்கும் புழங்கும். அந்த நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. அவர்கள் ஊரைப் பழித்துக்கொண்டு வாழவில்லை. மார்க்கத்தை விட்டுக் கொடுத்தும் வாழவில்லை. அக்கம்பக்கத்தாரோடு கொடுக்கல் வாங்கலும் செய்தார்கள். ஐவேளைத் தொழுகைக்குப் பள்ளியும் கட்டினார்கள். ஒரு கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திண்டாடிய நமக்கு அவர்களிடம் பாடம் இருக்கிறது.

எவ்வளவு கேட்பது?

இதுதான் கேள்வியின் மையம். ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இரண்டுக்கும் நடுவே பலருக்குத் தெரியாத சந்தேகத்துக்குரியவை உண்டு, அவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்தில் அமைந்த நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸ் நாம் அனைவரும் அறிந்ததே. அதைக் கொண்டுதான் அன்று நாம் நம் நடத்தையை நியாயப்படுத்திக் கொண்டோம். ஆனால் அதே பெருமானாரிடம் சிலர் வந்து, புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் இறைச்சி கொண்டு தருகிறார்கள், அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொன்னார்களா இல்லையா என்று தெரியவில்லையே என்று முறையிட்டபோது, நீங்கள் அவன் பெயரைச் சொல்லி உண்ணுங்கள் என்ற கருத்தில்தான் விடை கிடைத்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது.

உமர் (ரலி) அவர்கள் ஒரு பயணக் கூட்டத்தோடு ஒரு நீர்த்தொட்டிக்கு வந்தார்கள். உடன் வந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தொட்டிக்காரரை அழைத்து, இங்கே வனவிலங்குகள் நீர் அருந்த வருமா என்று கேட்டார்கள். உமர் (ரலி) அவர்களோ, தொட்டிக்காரரே, எங்களுக்கு அதைச் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது பதிவாகியுள்ளது. உமரைவிடப் பேணுதல் உள்ளவரா நாம்? தண்ணீரின் அடிப்படை நிலை சுத்தம். அதைத் துருவித் துருவிக் கேட்டு, இல்லாத சந்தேகத்தை உண்டாக்குவதை அவர்கள் விரும்பவில்லை.

ஆக, கேட்கும் இடமும் உண்டு, கேளாமல் விடும் இடமும் உண்டு. இரண்டையும் பிரிக்கும் அளவுகோலை ஃபிக்ஹு கலை நமக்குத் தந்திருக்கிறது. சோறு, காய்கறி, பழம், மீன் ஆகியவற்றின் அடிப்படை நிலை ஆகுமென்பது. அவற்றில் விலக்கப்பட்டது கலந்திருக்கிறது என்று எண்ணத் தக்க அடையாளம் இருந்தாலொழிய, துருவி ஆராயத் தேவையில்லை. கால்நடை, கோழி இறைச்சியின் நிலை இதற்கு நேர்மாறு. முறைப்படி அறுக்கப்பட்டது என்று தெரியும்வரை அது ஆகாது. மேலே சொன்ன ஹதீஸில் இறைச்சி தந்தவர்கள் முஸ்லிம்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கடை யாருடையது, இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பது தெரியாத இடத்தில் அதை விசாரிப்பது வஸ்வாஸ் அல்ல, கடமை. விசாரித்தும் தெரியவில்லையா? மீனை உண்ணலாம். பன்றி புழங்கும் அடுப்படி என்று தெரிந்துவிட்டதா? அதுவே அடையாளம், வாணலி தனியா என்று கேட்டே ஆக வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஹலால், ஹராமுக்கென்றே ஒரு தனிப் பகுதி ஒதுக்கிப் பேணுதலை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். சாதாரண நல்லவர் நிற்க வேண்டிய படியும் உண்டு, சித்தீக்குகள் நிற்கும் படியும் உண்டு. அதே பகுதியில், ஆதாரமில்லாத ஐயத்தின் பின்னால் ஓடுகிறவனையும் இனம் காட்டுகிறார்கள். அவன் ஓடுவது பேணுதலின் பாதையில் அல்ல, வஸ்வாஸின் பாதையில்.

மது பரிமாறும் மேசை

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. புதுச்சேரி மதுக்கடைகளுக்குப் பெயர் போன ஊர். இங்கே பெரிய ஓட்டல்களில் சாப்பாடும் மதுவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். மது சுற்றிவரும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற கருத்தில் நபிமொழி உண்டு, திர்மிதியில் காணலாம். தட்டில் இருப்பது நூற்றுக்கு நூறு ஹலாலாக இருந்தாலும், நம் மேசையில் குப்பி திறக்கப்படுமானால் அது நமக்குரிய இடமல்ல. இதில் வளைந்து கொடுக்க இடமில்லை. 'தொழில் நண்பர்கள் கூப்பிட்டார்கள், மறுக்க முடியவில்லை' என்று சொல்லும் இளைஞர்களைப் பார்க்கிறோம். கோழியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டு, எதிரில் நுரைக்கும் கிண்ணத்தைப் பற்றி வாய் திறவாமல் இருப்பது என்ன பேணுதல்? மாலை வேளையைத் தவிர்த்துப் பகலில் போகலாம். மது விற்காத கடையைத் தேர்ந்தெடுக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்ல நண்பர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தட்டுக்கு முன் பணப்பை

அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் செய்தியைப் பேணுதலுக்கு உதாரணமாக நாம் மேடைதோறும் சொல்கிறோம். அவர்களின் அடிமை ஒருநாள் உணவு கொண்டுவந்தார், உண்டார்கள். அறியாமைக் காலத்தில் குறி சொன்னதற்காக வந்த கூலி அது என்று பிறகு தெரிந்ததும், விரலை விட்டு அத்தனையையும் வாந்தி எடுத்தார்கள். புகாரியில் உள்ள இந்தச் செய்தியை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! ஆனால் இதில் ஒன்றைக் கவனித்தோமா? அந்த உணவில் பன்றியும் இல்லை, மதுவும் இல்லை. அது வந்த வழிதான் கெட்டிருந்தது.

அன்று அந்தக் கடையில் வாணலியைப் பற்றிக் கேட்ட நாம், நம் பையில் இருந்த பணத்தைப் பற்றி என்றைக்காவது அப்படிக் கேட்டிருக்கிறோமா? எடையில் குறைத்ததா, வட்டியில் வந்ததா, வேலைக்காரருக்குத் தரவேண்டிய கூலியில் பிடித்து வைத்ததா, சகோதரிகளுக்குச் சேரவேண்டிய வாரிசுப் பங்கை அமுக்கிக் கொண்டதா? உணவும் உடையும் ஹராமான வழியில் வந்தவனின் பிரார்த்தனை எப்படி ஏற்கப்படும் என்று பெருமானார் கவலையோடு கேட்ட செய்தி முஸ்லிமில் உள்ளது. அறுத்தவர் முஸ்லிமா என்று கேட்பது எளிது. அதற்குப் பிறர் பதில் சொல்வார்கள். சம்பாதித்தவன் முஸ்லிமாகச் சம்பாதித்தானா என்று கேட்பது கடினம். அதற்கு நாம்தான் பதில் சொல்லவேண்டும்.

இன்னொரு கசப்பான உண்மை. பெயர்ப் பலகையில் பிறையும் 'ஹலால்' என்ற எழுத்தும் கண்டால் நாம் எதையுமே கேட்பதில்லை. பழைய எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுகிறார்களா, மேசை துடைக்கும் சிறுவனுக்கு வயது என்ன, மீந்த சோறு எங்கே போகிறது என்று கேட்பதில்லை. திருமறை ஹலாலோடு 'தய்யிப்' என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. தூய்மையும் நன்மையும் சேர்ந்தால்தான் உணவு முழுமை பெறும்.

சிறந்த கடை எது?

தாய்லாந்து அரசாங்கம் வெளிநாடுகளில் தன் உணவகங்களைப் பெருக்க 2002-ஆம் ஆண்டையொட்டி ஒரு திட்டம் வகுத்தது. ருசியும் முறையும் அசலாக இருக்கின்ற கடைகளுக்கு அந்நாட்டு வணிக அமைச்சகம் 'தாய் செலக்ட்' என்ற முத்திரை வழங்குகிறது. தாய்லாந்துக்காரரின் பார்வையில் சிறந்த கடை அது. அதே நாட்டு மத்திய இஸ்லாமியக் குழு ஹலால் முத்திரை வழங்குகிறது. பொருள்களைப் பரிசோதிக்க சூலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஹலாலுக்கென்றே ஓர் அறிவியல் மையமும் இருக்கிறது. சென்னை டி.டி.கே. சாலையில் 'பெஞ்சராங்' என்ற பெயரில் ஒரு தாய்லாந்து உணவகம் பெயர் பெற்றது. ஐந்து நிறப் பீங்கானைக் குறிக்கும் அந்தச் சொல் நம் 'பஞ்ச', 'ரங்க' என்பவற்றிலிருந்து போனதுதான். முத்திரையும் பெயரும் புகழும் நமக்கு ஓரளவு வழி காட்டும். ஆனால் எந்த முத்திரையும் நம் கடமையை நம்மிடமிருந்து வாங்கிக் கொள்ளாது.

மூன்றாம் நாள் வைத்திக்குப்பம் சென்றோம். நண்பர் வலை பின்னிக் கொண்டிருந்தார். மகனை அழைத்து, "நாங்க நடந்துகிட்டது சரியில்லே, மனசுல வெச்சுக்காதே தம்பி" என்றோம். அவன் சொன்ன பதிலை எழுத வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

"நீங்க கேட்டதுல தப்பே இல்லை மாமா. அந்தக் கடையில கோழியை அரிசிச் சாராயத்துலதான் ஊறவைக்கிறாங்க, அப்புறம் விசாரிச்சேன். முன்னாலேயே என்னைத் தனியாக் கூப்பிட்டு இதெல்லாம் ஆகாதுன்னு சொல்லியிருந்தா, நானே அடுப்படியில போய்க் கேட்டு வந்திருப்பேன்."

எத்தனை உண்மை! நாம் கேட்டது சரியாகவே இருந்தது; கேட்ட இடமும் கேட்ட விதமும்தான் தவறு. முப்பது ஆண்டு பழகிய அண்டை வீட்டாருக்கு, நமக்கு எது ஆகும், எது ஆகாது, ஏன் ஆகாது என்று ஒரு நாளும் உட்கார்ந்து சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் விட்டது நம் குற்றம், தலைகுனிந்தது அவன். மானத்தைக் காத்துக்கொள்வதைப் பற்றிய ஹதீஸை எண்ணிக்கொண்டு போன நாம், நம்மை விருந்துக்கு அழைத்தவனின் மானத்தைச் சபையில் வைத்துக் கிழித்தோம்.

அவன் அதோடு விடவில்லை. பழைய நோட்டை எடுத்து, அடித்துப் போட்ட பெயர்களையும் சேர்த்து மறுபடி எழுதினான். ஒவ்வொரு கடைக்கும் நேரில் போய், தொழில்காரனுக்குத் தொழில்காரனாக அடுப்படியில் கேட்டு, எதிரே குறித்தான். இங்கே பன்றி இல்லை, இங்கே மது சேர்ப்பதில்லை, இங்கே கேட்டால் வாணலியை மாற்றித் தருவார்கள், இங்கே கோழி இன்ன கடையில் வாங்குகிறார்கள், இங்கே சிப்பிச் சாறு இல்லாமல் செய்து தருவார்கள் என்று ஒரு பட்டியல். ருசியில் முதலாவதாக வந்த கடை இந்தப் பட்டியலில் கடைசிக்குப் போயிற்று. முன்பு அடித்துப் போட்ட ஒரு சிறிய கடை மேலே வந்தது. நம் சமுதாயத்தில் ஒருவரும் செய்யாத வேலையை, நம் மார்க்கத்தைச் சேராத ஒரு மீனவர் மகன் நமக்காகச் செய்து முடித்தான்.

அந்தச் சிறிய கடைக்கு ஒரு பகல் வேளையில் மூவரும் போனோம். மீனும் தேங்காய்ப்பாலும் போட்ட குழம்பு வந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் முன்னாலேயே கேட்கப்பட்டு, பதிலும் கிடைத்திருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டோம். காரம் அதிகம்தான், குறை சொல்லவில்லை.

அன்பர்களே! அறிந்தவன் கொஞ்சமாகக் கேட்பான். அறியாதவன் அதிகமாகக் கேட்பான், அல்லது கேட்கவே மாட்டான். எனவே வெளியில் உண்ணப் போகுமுன் நமக்கு எது ஆகும் என்பதை ஆலிம்களிடம் கற்றுக் கொள்வோம். அந்த உணவில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்தவர்களிடம் கேட்டு வைப்போம். கேட்பதைத் தனியே, தாழ்ந்த குரலில் கேட்போம். பதில் திருப்தியில்லையா, குறை கூறாமல் விலகுவோம். சமைப்பவர் உண்மையைச் சொல்லத் தயாராக இருக்கும் கடை, அவர் சொல்லும்படியாக நாமும் கேட்கத் தெரிந்த கடை, அதுவே அந்த ஊரில் நமக்குச் சிறந்த கடை.

வல்ல நாயன் நம் உணவையும், அதை வாங்கும் பொருளையும், அதைக் கேட்டறியும் நாவையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.